பிள்ளைக் காம்பராவின் முன்னால் ஒரு படம்

ரதி டீச்சரின் தோள்பையில் எப்போதும் ஒரு புகைப்படம் இருக்கும். ஓப்பநாயக்கவில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். பாடப்புத்தகம் குளம் கட்டிய அரசர்களைப் பற்றி விலாவாரியாகச் சொல்லும். தோட்டத்துச் சனத்தைப் பற்றி வாயே திறக்காது. அதனால் டீச்சர் அந்தப் படத்தை எடுத்து, இதில் என்னென்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேட்டே ஒரு பாடத்தை ஓட்டிவிடுவார். தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் பெண்கள், புதிதாகத் திறந்த பிள்ளைக் காம்பராவின் முன்னால் வரிசையாக நிற்கும் படம் அது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்குத்தான் பிள்ளைக் காம்பரா என்று பெயர்.

பாடமெல்லாம் ஒரு சாக்கு. ரதி பிறந்தது அந்தத் தோட்டத்தில். அம்மா செவனம்மா காய்ச்சலில் செத்தபோது அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அப்பா குழந்தையை இரத்தினபுரியில் இருந்த தங்கையிடம் கொடுத்துவிட்டு வேறு கல்யாணம் முடித்துக்கொண்டார். அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்துச் சனத்தில் பலரைப் போல அவருக்கும் பிரஜாவுரிமை இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை, அதற்கென்று எடுத்த படமும் இல்லை. அத்தையிடம் கேட்டால் உன்னைப் போலத்தான் இருப்பாள், கண்ணாடியைப் போய்ப் பார் என்பார். உண்மையாகவே போய்ப் பார்த்த வயதும் ரதிக்கு உண்டு.

பட்டம் முடித்ததும் இரத்தினபுரியில் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தூசிக்குள் கிடக்கிற உத்தியோகத்துக்கு இந்தப் பெண் ஏன் இப்படிப் பறக்கிறது என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். ரதிக்குத் தெரியும் ஏன் என்று. மூடப்பட்ட தோட்ட அலுவலகங்களின் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தன. ஒருநாள் அவர் பிறந்த தோட்டத்தின் பெட்டியும் வந்தது. அதில் பிள்ளைக் காம்பரா திறப்பு விழாப் படங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கண்ணாடிபோலத் தெளிவு. மற்றதில் ஓர் உருவம் அசைந்து, சேலையும் கையுமாகக் கலங்கிப் போயிருந்தது. ஒரே நிகழ்ச்சியின் படங்களில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும் என்பது காப்பகத்து வழக்கம். ரதி தெளிவான படத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டார். கலங்கிய படத்தைக் கழிவுக் கட்டில் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். அம்மாவின் முகத்தைத் தேடுகிறவர் முகமே இல்லாத படத்தை வைத்து என்ன செய்வார்?

ஒப்பந்தம் முடிந்து ஆசிரியர் நியமனம் வந்த பிறகும் தேடல் ஓயவில்லை. அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் என்று யார் கிடைத்தாலும் பையைத் திறந்தார். டீச்சரின் மனம் நோகக் கூடாதே என்று ஆளுக்கொரு பெண்ணைக் காட்டினார்கள். ஒருவர் சொன்னதை நம்பி, மூக்குத்தி போட்ட ஒருத்தியோடு ஆறு மாதம் அம்மா அம்மா என்று மனதுக்குள் பேசிக்கொண்டும் இருந்தார். பிறகு அது கணக்கப்பிள்ளையின் மச்சினி என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன மாதம்தான் மல்லிகா அகப்பட்டார். செவனம்மாவோடு ஒன்றாகப் பால் வெட்டியவர், இப்போது மகளோடு ஓப்பநாயக்கவில், பாடசாலைக்கு மேலே இருக்கிற தோட்டத்து லயன் வீடுகளிலேயே இருக்கிறார். ரதி ஓடிப்போய்ப் படத்தை நீட்டினார். மல்லிகா ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். தன்னையும் காட்டினார். படத்தில் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு வெற்றிடம் இருந்தது. அங்கே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இதுதான் பாப்பா ஒங்கம்மா எடம்."

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்கிற வரிசையிலேயே படத்துக்கும் நின்றார்களாம். பெரட்டில் ஒருத்தியின் இடத்தில் இன்னொருத்தி நிற்க மாட்டாள். நின்றால் பெயர் மாறிப்போகும், அன்றைய பெயரும் அதற்கான சம்பளமும் போய்விடும். முதல் படம் எடுக்கும்போது உள்ளே குழந்தை அழுதது, செவனம்மா ஓடிவிட்டார். திரும்பி வரவில்லை. படக்காரர் நெருங்கி நிற்கச் சொல்லியும் யாரும் அசையாமல், அந்த இடத்தை விட்டே இரண்டாவது படத்துக்கு நின்றார்கள்.

ரதி எழுந்தார். வாசலுக்கு வந்து, காப்பகத்தில் தன்னோடு வேலை பார்த்த றஊபுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கழிவுக் கட்டு எங்காவது மூலையில் கிடக்காதா என்று கேட்டார்.

"அதெல்லாம் அந்த வருஷமே எரிச்சிட்டோமே டீச்சர். நீங்கதானே சைன் வச்சீங்க."

அம்மாவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார். அந்தக் கலங்கிய உருவத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றார். சேலை வந்தது, ஒரு கை வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரியம்மா, ஓடும்போது அவங்க எந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க?"

மல்லிகா அவரை வினோதமாகப் பார்த்தார்.

"ஒம் பக்கந்தான். உள்ள அழுதது நீதானே. அசையாம நில்லுன்னு படக்காரர் கத்துனாரு, இவ கேக்கல."