பெருநாள் சோற்றின் படம்

மருமகள் பிரியாணித் தட்டை ஜன்னலோரம் நகர்த்தி, துபாயில் இருக்கும் என் மகனுக்கு அனுப்பக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற களைப்பில், நான் அவளுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ஐம்பதுகளில் ஒரு பெருநாளன்று, காரைக்கால் வீட்டிலும் இப்படித்தான் ஆறியது. வாப்பா சைகோனில் இருந்தார். நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் சாப்பிடுகிறோம் என்று அவருக்குக் காட்ட உம்மா ஆசைப்பட்டாள். அவள் தம்பி ஒரு பெட்டிக் கேமராவோடு வந்தார். உள்ளே வெளிச்சம் போதாதென்று, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் சஹனை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிவந்தோம். நெய்ச்சோறு, கறி, மேலே அவித்த முட்டை. காக்கை விரட்டுவது என் வேலை.

"இன்னும் எவ்வளவு நேரம் தம்பி? புள்ளைங்க பசியில நிக்கிதுங்க."

"கிட்டக்க எடுத்தாத்தான் லாத்தா, மச்சானுக்கு முட்டைகூடத் தெரியும்."

அந்தக் கேமராவுக்குக் கிட்டப் பார்வை கிடையாது என்பது படம் கழுவி வந்தபோதுதான் தெரிந்தது. சோறு வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. பின்னால் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்ற உம்மா மட்டும் தெளிவாக விழுந்திருந்தாள். நழுவிய முக்காடு, குழிந்த கண்கள்.

"இத அனுப்பாதே" என்றாள். "சோறு தெரியலன்னா போவுது. நான் தெரியிறேனே."

படம் சைகோனுக்குப் போகவில்லை.

மருமகள் கைப்பேசியை நீட்டினாள். ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. பின்னால் நான் வெறும் மங்கலாக இருந்தேன்.

"உங்க முகம் சரியா விழல மாமி. இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"வேணாம்மா. இதையே அனுப்பு" என்றேன்.