சாமி தூங்கும் நேரம்

கங்கையம்மாளுக்கு வலி மத்தியானத்தில்தான் வரும். சிவன் கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு முதுகுத்தண்டின் அடியிலிருந்து மெல்லக் கிளம்பும். சாயங்காலம் சாயரட்சைப் பூஜைக்குக் கோயில் மணி அடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

ஓரிக்கையில் பிறந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுக்கு மருமகளாக வந்தவள். கணவர் நமச்சிவாயம் புடவை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைநூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளியே காலம் போனது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். எங்கள் தெருவில் யார் புடவையில் கரை கோணினாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும், பிறகுதான் நெய்தவருக்கு. அந்த வாயை அடக்கியது, மார்பில் வந்து முதுகெலும்புக்குப் போன புற்றுநோய்.

கொரோனாவில் ஊரை அடைத்தபோது ஆஸ்பத்திரியும் முறையை மாற்றியது. நோயாளி வர வேண்டாம், போனில் விசாரிக்கிறோம், வீட்டார் வந்து மார்ஃபின் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கும்போது மட்டும் இரண்டு, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நமச்சிவாயம் தலையாட்டினார். அந்த வீட்டில் எழுவதும் தறியில் இறங்குவதும் உலை வைப்பதும் கோயில் பூஜையை வைத்துத்தான். மாத்திரையும் அப்படியே ஆனது. கோயிலுக்குள் யாரையும் விடாவிட்டாலும் குருக்கள் பூஜையை நிறுத்தவில்லை. மணி கேட்டதும் கங்கையம்மாள் பிரசாதத்துக்குப் போல வாயைத் திறப்பாள்.

மாத்திரை வேலை செய்யும்போது சுகமாக இருக்கும். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் இழையிழையாகப் பிரிந்து, தறியில் விரித்த பாவு போல அறை முழுக்க நீளும். அது பாலாறாக மாறும்; அவள் மல்லாந்து மிதப்பாள். பிறகு நடை சாத்துவார்கள். ஆறு வற்றி, முதுகில் கல் குத்தும்.

"சாமி தூங்கற நேரத்துல என்னைய பாத்துக்க ஆளில்ல" என்றாள் ஒருநாள். இனி மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். முடிவு நெருங்கிவிட்டது என்று நினைத்து நமச்சிவாயம் தறிக்குழியில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஏஞ்சல் போன் செய்தாள். மாத்திரை வயிற்றைக் கட்டும் என்பதால், வெளிக்குப் போனாளா என்று எப்போதும்போல முதலில் அதைக் கேட்டு கங்கையம்மாளின் மானத்தை வாங்கினாள். வலி எப்போது என்றதற்கு, நடை சாத்திய பிறகு என்றார் நமச்சிவாயம். அவள் விடாமல் குடைந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நோவு முத்திடுச்சின்னு பயப்படாதீங்கய்யா. ரெண்டு பூஜைக்கும் நடுவுல ஆறு மணி நேரம் ஆவுது, மாத்திர நாலு மணி நேரத்துலயே தீந்து போவுது. சாமிக்கு மத்தியானம் ரெஸ்ட் இருக்குது, நோவுக்குக் கிடையாது."

அவள் சொன்னபடி நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கப் போனில் அலாரம் வைத்தார். அன்று மத்தியானம் அது கூவியபோது கங்கையம்மாள் வாயை இறுக்கிக்கொண்டாள். மாத்திரை வேண்டாம் என்றிருந்தாலும் கோயில் மணி கேட்டால் திறந்துவிடுவாள்; பூஜை இல்லாமல் திறக்க மாட்டாள். நமச்சிவாயம் சாமி மாடத்திலிருந்த கைமணியை எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி அடித்தார்.

அவள் பதறினாள். "இன்னாங்க இது, சாமி முழிச்சிக்குமே."

"முழிச்சிக்கட்டும்" என்றார். "முழிச்சி உன்னைய ஒரு வாட்டி பாக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள்.

சாயரட்சை மணிக்கு அவள் எழவில்லை. தொட்டு எழுப்பியதும், நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டதாக அவரைப் பிடித்துக்கொண்டு திட்டினாள். அந்த வாயைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நமச்சிவாயம் நின்று முழுவதையும் கேட்டார்.