மோஞ்சி துடைத்த குருவி

மோஞ்சி ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துனிஸ் ஓவியக் கூடத்தில் படம் மாட்டுவது அவர் வேலை, டிக்கெட் கிழிப்பது என் வேலை. இருபத்தாறு வருடப் பழக்கம். காபிக் கடைக்குப் போனாலும் அடுத்தவன் மேசையைத் துடைப்பார். "உங்க வீட்டுக்காரரை அவங்கம்மா கையில துணியோடவே பெத்தாங்களா?" என்று அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே, ஒரு டம்ளர் கழுவ மாட்டாரு" என்றாள்.

கூடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பதினோரு படங்களை ஊருக்குக் காட்டும் விழா. மாலை ஐந்து மணிக்கு. மத்தியானத்திலிருந்தே மோஞ்சி என் டிக்கெட் கூண்டுக்கும் கூடத்துக்குமாக அலைந்தார். நேராகத் தொங்கிய படங்களையே திரும்பத் திரும்ப நேராக்கினார்.

"என்னய்யா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீரு?"

அப்புறம்தான் சொன்னார். பெய்யா என்ற வயதான அம்மாள் கூடத்துக்குக் கொடுத்த கண்ணாடி ஓவியத்துக்கு முந்தின நாள் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். குதிரை வீரன் படம். இந்த வகைப் படத்துக்கு வண்ணம் கண்ணாடியின் முதுகில் இருக்கும், பார்ப்பது முன்பக்கம். முதுகில் ஒரு மூலையில் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. அந்த அம்மாளின் சமையல்கட்டில் தொங்கிய படம், புகைக்கரி என்று நினைத்து வினிகர் துணியால் ஒரே இழுப்பு. திருப்பிப் பார்த்தால் வீரனின் தலைக்கு மேல் இருந்த குருவியைக் காணோம். அந்த முதுகில் ஈரம் படக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்குப் புத்திக்கு முன்னால் கை போய்விட்டது.

"வாயைத் திறக்காதேயும். ஓய்வுக்கு ஒரு வருஷந்தான் இருக்கு" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

ஐந்து மணிக்கு, ஊரே மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடும் பெய்யா அம்மாள், மருமகள் வஸீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேராகத் தன் படத்திடம் போனார்.

"இங்க ஒரு குருவி இருந்துச்சே! நான் பொறந்த அன்னிக்கு எங்கப்பா வரைஞ்சது."

கூடத்து இயக்குநர் குனிந்து பார்த்தார். "வண்ணம் உதிர்ந்திருக்கும், லல்லா. பழைய படம்னா அப்படித்தான்."

"குருவியாவது ஒண்ணாவது" என்றாள் வஸீலா. "உங்க சமையல்கட்டுல நான் பார்த்ததெல்லாம் புகைதான் அத்தை. அடுப்பை அணைச்சேன்னும் இப்படித்தான் சத்தியம் பண்ணீங்க. இதுக்குத்தான் காலையில வீட்டுச் சாவியை வாங்கி வச்சேன். பேசாம எங்களோட வந்து இருங்க."

அம்மாள் கண்ணாடியைத் தடவினார். "தினமும் அதைப் பார்த்துத்தானே காபி போட்டேன்... இல்லையோ? எனக்கு நிஜமாவே நினைவு தப்பிடுச்சா?"

மோஞ்சியின் விரல்கள் துணியை முறுக்கின. சொல்ல வேண்டாம் என்று நான் தூரத்திலிருந்து தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இருந்துச்சு, லல்லா. நேத்து வரைக்கும் இருந்துச்சு. நான்தான் அழுக்குன்னு தொடைச்சிட்டேன்."

இயக்குநரின் முகம் கறுத்தது. அம்மாள் மோஞ்சியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"குருவி எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

"இடது பக்கம். வாயில ஒரு மல்லி மொட்டு."

அம்மாள் பிடியை விட்டார். மோஞ்சியைத் திட்டவில்லை. மருமகள் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தார்.

"கேட்டியா வஸீலா? சாவியைக் குடு."