மச்சானுக்குச் சொல்ல வைத்திருந்த சேதி

"கோபமா? எனக்கா? எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை."

யாரும் அவரைக் கேட்கவில்லை. மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த டம்ளர் என்ன பாவம் பண்ணிச்சு? மெதுவா வைக்கலாம்ல," என்றாள் மனைவி.

அவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, அமெச்சூர் ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுவார். மொட்டை மாடியில் ஏரியல் கம்பி இழுத்துக் கட்டியிருப்பதால் தெருவுக்கே கம்பிக்காரர்.

மனைவியின் தம்பிக்கு நடுக்கடல் தீவு ஒன்றில், வானிலை நிலையத்தில் வேலை. அங்கே போன் எடுக்காது. ஞாயிறு காலையில் ரேடியோவில் மாமாவோடு பேசுவான். போன தடவை, "குழந்தைக்கு உங்க மூக்கு மட்டும் வந்துடக் கூடாது மாமா" என்று வம்பு இழுத்தான். அதே மூக்கோடு பேத்தி பிறந்தாள். "மச்சான்கிட்ட நான்தான் சொல்வேன். வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் கம்பிக்காரர்.

ஞாயிறு வந்தது. சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். தம்பி குரலைக் கேட்க மனைவியும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ரேடியோவில் வழக்கமான இரைச்சல்கூட இல்லை. செத்துக் கிடந்தது. கம்பி அறுந்துவிட்டது என்று முடிவு கட்டி மாடிக்கு ஓடினார். அங்கே பெயிண்டர் தண்ணித் தொட்டிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, என் கம்பியில கை வச்சியா?"

"நான் சுண்ணாம்புலதான் சார் கை வச்சேன்."

நம்பவில்லை. கம்பியிலிருந்து இறங்கும் கேபிளை இணைப்பில் வெட்டிப் பிரித்துப் போட்டார். அது துண்டு துண்டாகக் கிடக்கும்போதுதான் போன் வந்தது. அடுத்த தெரு வேன் டிரைவர், அவரும் ரேடியோக்காரர்.

"அண்ணே, உங்க செட்டுக்கு ஒண்ணும் இல்லை. சூரியன்ல என்னமோ வெடிச்சு, கொஞ்ச நேரம் அலையெல்லாம் அமுங்கிப் போச்சு. இப்போ திரும்பிடுச்சு. உங்க மச்சான் உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாரு. பாவமா இருந்துச்சு, நானே சொல்லிட்டேன். பேத்தின்னு. மூக்கு உங்களுதுன்னும்."

கம்பிக்காரர் போனை வைத்தார். நல்லா இருந்த கேபிளை வெட்டிய கத்தரி இன்னும் கையில் இருந்தது.

"வெட்டிட்டுத்தான் யோசிப்பீங்களா?" பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த மனைவி கேட்டாள். "நானும்தானே என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு நின்னேன்?"

அன்றிலிருந்து வீட்டில் டம்ளர், கதவு, செருப்பு எல்லாவற்றுக்கும் அடிதான். பெயிண்டரோடு பேச்சில்லை. வேன் டிரைவர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. சூரியனைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்று காலை, பால் குடித்து முடித்த பேத்தியை மனைவி அவர் கையில் கொடுத்தாள்.

"கோபம் இல்லாத மனுஷர்தானே. ஜன்னல் பக்கம் போய் இளவெயில்ல கொஞ்சம் காட்டுங்க."

கம்பிக்காரர் ஜன்னலில் தெரிந்த சூரியனை முறைத்தார். குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடினார். பிறகு மெல்ல விலக்கினார்.

"அவன் பார்த்துட்டுப் போகட்டும். ஆனா இது யாரு மூக்குன்னு அவன்கிட்டயாவது நான்தான் சொல்வேன்."