தொன் தேயோவின் அட்டைப்பெட்டி

மெக்ஸிகோ நகரத்திலிருந்து வெராக்ரூஸ் போகும் லாரிகள் எங்கள் ஊரில் நிற்பதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, சோளமாவை மடலில் சுற்றி அவித்துச் சாயோ விற்கும் சூடான தமால். மற்றொன்று, தொன் தேயோவின் பஞ்சர் கடை.

தேயோவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; ‘தொன்’ என்பது ‘ஐயா’ என்பதுபோல மரியாதைக்கு. டயருக்குள் கையை விட்டுத் தடவியே ஆணி எங்கே குத்தியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். தெருவில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சொறி பிடித்த நாயை யார் கொண்டுவந்தாலும், லாரிகளிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கந்தகத்தூளைக் கலந்து உடம்பெல்லாம் பூசிவிடுவார். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். எங்கள் பக்கத்து மெக்கானிக் கடைகளில் எல்லாம் இதுதான் நாய் மருந்து. பிழைத்த நாய்கள் கண்முன்னே திரிந்தன. பிழைக்காதவை எங்கோ போய்ச் செத்ததால் அவற்றை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைக்குக் காவல் புஹியா என்ற கறுப்புப் பெண் நாய். புஹியா என்றால் ஸ்பார்க் பிளக். ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடும். குட்டிகள் பால்குடி மறந்ததும் தேயோ அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ‘இலவசம்’ என்று எழுதி, காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடுவார். டயர் மாட்டும்வரை சும்மா நிற்கும் டிரைவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளின் ஞாபகம் வரும். சாயங்காலத்துக்குள் பெட்டி காலியாகிவிடும்.

“என் புஹியாவோட குட்டி ஒண்ணுகூடத் தெருவுல கிடையாது. எல்லாம் சோபாவுல படுத்துக் கெடக்குதுங்க,” என்று பெருமையாகச் சொல்வார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயோ தன் ஏப்ரனில் ஒரு குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவள் தேயோவின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் திட்டிக்கொள்ளவும் செய்வார்கள்.

“கொம்பாத்ரே, டோல்கேட் பக்கத்துல கெடந்துச்சு. உரிச்ச கோழி மாதிரி இருக்கு பாரு. உன் ஆயிலைப் போடு.”

“உன் தமால் ஏதாச்சும் தின்னுச்சா?”

“ஏன் கேக்குற?”

“எதனால இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான், கொமாத்ரே.”

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு!”

தலை முதல் வால் வரை ஆயில் பூசினார். பெண்குட்டி. துவெர்கா என்று பெயரும் வைத்தார். துவெர்கா என்றால் நட்டு. மறுநாள் காலையில் துவெர்கா எழுந்து நிற்கவில்லை. இரவெல்லாம் உடம்பை நக்கி, வாந்தி எடுத்து, நடுங்கிக்கொண்டு கிடந்தது. புஹியா பக்கத்திலேயே உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருந்தது. தேயோ ஜாக்கெட்டுக்குள் குட்டியை வைத்துக்கொண்டு, கழற்றிய சக்கரத்தோடு காத்திருந்த ஒரு டிரைவரின் வசவைக் காதில் வாங்காமல், சந்தைக்குப் பின்னால் இருக்கும் கால்நடை டாக்டர் யதீராவிடம் ஓடினார்.

“என்ன பூசுனீங்க?” என்று யதீரா கேட்டார்.

“மருந்துதான், டாக்டரம்மா.”

டாக்டர் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். “இது விஷம், தொன் தேயோ. தோல் வழியாவும் போயிருக்கு, நக்குனதுல வயித்துக்குள்ளயும் போயிருக்கு. கல்லீரலும் கிட்னியும் தாங்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. மொதல்ல கழுவணும். கையைச் சுருட்டிட்டுக் கெட்டியாப் புடிங்க.”

வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவினார்கள். கறுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பின்னங்காலைப் பிடித்திருந்த தேயோவின் விரல் சட்டென்று ஓரிடத்தில் நின்றது. பாதத்துக்குச் சற்று மேலே, உட்புறத்தில், மற்ற நாய்களுக்கு இல்லாத இரண்டு உபரி நகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த காலிலும் தடவினார். அங்கேயும் அப்படியே. புஹியாவுக்கும் அப்படித்தான். அது போட்ட குட்டிகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

“டாக்டரம்மா, இது என் பெட்டியிலேருந்து போனது.”

குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். தேயோ தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். முதலில் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. பிறகு கோழி சூப்பை நக்கியது. ஒருநாள் டிரிப்ஸ் குழாயைக் கடித்து அறுத்துவிட்டது. “இனிப் பொழைச்சுக்கும்,” என்று சிரித்தார் யதீரா. சொறிக்கு மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லச் சிவந்த தோலின் மேல் பூனைமுடி மாதிரி கறுப்பு முடி அரும்பியது.

குட்டியை வீட்டுக்கு அனுப்பும்போது யதீரா சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நகராட்சி மண்டபத்துல நாய்ங்களுக்குக் கருத்தடை முகாம் இருக்கு. புஹியாவைக் கூட்டிட்டு வாங்க. இவ கொஞ்சம் தேறட்டும், இவளுக்கும் பண்ணிடலாம்.”

“புஹியா காவல்காரி, டாக்டரம்மா. ஆபரேஷன் பண்ணா சோம்பேறி ஆயிடுவாளாமே?”

“திருடன் வந்தா கொரைக்கிறது வாயா, கர்ப்பப்பையா? சாப்பாட்டை அளவாப் போடுங்க, குண்டாக மாட்டா. கர்ப்பப்பையில சீழ் வெச்சுச் சாகுற நாய்ங்களை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். குட்டி போட்டே அவ ஒடம்பும் பாதியாயிடுச்சு. இந்த ஒண்ணு எப்படியோ திரும்பி வந்துடுச்சு. மத்ததுங்க எங்க இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?”

தேயோ குட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை புஹியாவை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“மாதா ஊர்வலம் கெட்டுது போ! பூ தூவவா, கொம்பாத்ரே?” என்று சாயோ கத்தினாள்.

“மொதல்ல உன் வாய்க்கு ஒரு தையல் போடச் சொல்றேன்!”

திரும்பும்போது மயக்கம் தெளியாத புஹியா போர்வைக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. கருங்கல் பதித்த தெருவில் வண்டி குலுங்காமல் இருக்கக் குனிந்து, அடிமேல் அடி வைத்து வந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் சாயோ வந்தாள்.

“என் நாய் கனேலாவுக்கும் பண்ணலாம்னா, மொதல்ல ஒரு தடவையாச்சும் குட்டி போடணும்னு சொல்றாங்களே?”

“அதெல்லாம் ஒண்ணும் தேவையில்லையாம். டாக்டரம்மாகிட்டயே கேளு.”

“கேக்குறேன். வண்டியைக் குடு.”

இப்போது கடையில் அட்டைப்பெட்டி இல்லை. சொறி நாயோடு வருகிறவர்களைச் சந்தைக்குப் பின்பக்கம் அனுப்பிவிடுகிறார். போன வாரம் வழக்கமாக வரும் டிரைவர் ஒருவர் காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தடவை குட்டி இல்லியா?”

“இனிமே இல்ல. ஆமா, போன வருஷம் ரெண்டு எடுத்துட்டுப் போனியே, எப்படி இருக்குதுங்க?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். சக்கரத்தைப் பார்த்தார். “டயர் ரெடியா?” என்று கேட்டார்.

“ரெடி,” என்றார் தேயோ. ஜாக்கியை இறக்குவதற்கு முன், சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த துவெர்காவைத் தூக்கித் தூரமாக விட்டுவிட்டு வந்தார்.