லியோனில் குடித்த வெங்காய சூப்

என் சிநேகிதி தவமணி அவர்கள் காலமான செய்தியை அவருடைய மகள் சுபா தொலைபேசியில் சொன்னபோது, நான் சுவிஸில், பேர்ண் நகரிலுள்ள என் வீட்டில் காலைப் பூசையை முடித்திருந்தேன். "அன்ரி, அம்மா விடியப் போயிட்டா" என்றாள். பிறகொரு நாள், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று கேட்டாள். கொன்வென்டில் எங்களுக்குக் கற்பித்த சிஸ்டர்மார், இறந்தவரைப் பற்றியும் உண்மையே எழுதவேண்டும் என்பார்கள். அப்படியே எழுதியிருக்கிறேன். சுபா வாசித்துச் சம்மதித்த பின்னரே இது அச்சாகிறது.

தவமணி பேர்ணுக்கு அருகே துன் என்ற ஊரில் ஏரிக்கரை ஹோட்டலொன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அதே சமையலறையில் சூப்புக்குப் பொறுப்பானவர். ஜெர்மனும் பிரெஞ்சும் இத்தாலியமும் வேலையிடத்திலேயே பிடித்துக்கொண்டார். நானோ ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே இந்த நாட்டில் காலந்தள்ளியவள்.

என் கணவர் மறைந்தபோது, அவருடைய உடலுக்கு முன்னால் நின்று, இனி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லி முடிவெடுத்தேன். தவமணி என் பக்கத்தில்தான் நின்றார். அதன்பின் சோறும் மோருமாக நான் வீட்டுக்குள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை ரயில் டிக்கெட்டுகளோடு வந்தார்.

"வெளிக்கிடுங்கோ அக்கா, மிலானுக்குப் போவம். உங்கட மோர் எங்கையும் ஓடிப்போகாது."

மிலானில் மஞ்சள் நிறத்தில் ரிசோட்டோ என்ற சோறு வந்தது. சோறு வேகவில்லை, திருப்பி அனுப்பும் என்றேன். "குழைஞ்சா அவங்கள் கஞ்சியெண்டு கொட்டிப்போடுவாங்கள். பேசாமல் சாப்பிடுங்கோ" என்றார். சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசி என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

பிறகு பல ஊர்களுக்குப் போனோம். பாலாடைக்கட்டியை முகர்ந்து வாங்கவும், பேக்கரியில் பாணைத் தட்டிப் பார்த்து எடுக்கவும் அவரே பழக்கினார். எங்கும் உணவு கேட்பவர் அவர். எனக்காகப் பரிசாரகரிடம் விசாரிப்பவரும் அவர். பிரான்சில், லியோனில் வெங்காய சூப் வந்தபோது, மச்சம் இல்லையே என்று இருமுறை கேட்டேன். "ஓம் அக்கா, வெங்காயமும் பாணும் சீஸும்தான்" என்றார்.

அந்தச் சூப்பை வீட்டில் செய்ய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சமையலில் எவரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் லியோனின் சுவை என் சட்டியில் வரவேயில்லை. தவமணி ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, வெங்காயத்தை இன்னும் வதக்கவேண்டும் என்பார். அடுத்தமுறை அடுப்பைக் குறைக்கச் சொல்வார். ஆண்டுக்கணக்காக என் கையையே நொந்துகொண்டேன்.

கடைசியாக மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"அக்கா, கோவிக்கக் கூடாது. லியோன் சூப் மாட்டெலும்பு அவிச்ச தண்ணியில செய்தது. மிலான் சோறும் அப்பிடித்தான். எனக்கு அப்பவே தெரியும்."

மாட்டிறைச்சி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் மெலிஞ்சு எலும்பாப் போனீங்கள். ருசிச்சுச் சாப்பிடேக்குள்ள நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை. மன்னிச்சிடுங்கோ."

என் உடல் மெலிவது என் காரியம், என் விரதமும் என் காரியம், இரண்டையும் உம்மிடம் யார் ஒப்படைத்தது என்று கேட்டேன். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் என்னைச் சாப்பிடவைத்தார் என்பது உண்மை. அவர் வராவிட்டால் நான் இன்று இருந்திருப்பேனா என்று டாக்டரே சந்தேகப்பட்டார். ஆனால் என் பக்கத்தில் நின்று நான் எடுத்த முடிவைக் கேட்ட ஒரே சிநேகிதி, அதை என் வாயாலேயே முறிக்கவைத்தார் என்பதும் உண்மை. ஒன்று மற்றதை அழித்துவிடவில்லை.

தகனம் முடிந்து உறவினர்கள் துன்னில் ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மரக்கறி சூப் என்று கொண்டுவந்து வைத்தார்கள். இறைச்சித் தண்ணீர் சேர்த்ததா என்று பரிசாரகரிடம் நானே, எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில், கேட்டேன். அவர் உள்ளே விசாரிக்கப் போனார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் குடித்தார்கள். நான் கரண்டியைத் தொடாமல் காத்திருந்தேன்.

போய் வாரும், தவம். உம்மை நம்பிச் சாப்பிட்டதுபோல் இனி எவரையும் நம்பி நான் சாப்பிடப்போவதில்லை.