அக்காவுக்கு மட்டும் ஒரு விதி

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கல்லீரல் தின்னும் பேய் என்று தம்பி சொன்னபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பேய் என்றால் நெஞ்சைப் பிளந்து இதயத்தைத்தான் பிடுங்கும். கல்லீரலுக்காக எந்தப் பேய் மெனக்கெடும்? அன்று உடன் ஆடும் தையற்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவளும் விஷயம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

இரும்புக் கிடங்கில் அவளுக்குக் கிரேன் அக்கா என்று பெயர். பதினாறு வருடம். தினமும் அறுபத்திரண்டு படி ஏறி, கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இருபது டன் வரைக்கும் தூக்கி லாரியில் இறக்குவாள். தகட்டுக் கட்டை அவள் இறக்கினால் லாரிக்குள் தூங்கும் டிரைவர் விழித்துக்கொள்ள மாட்டான் என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் முகம் சுளித்த டிரைவர்களே பிறகு, "அக்கா ஷிப்டு எப்போ?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். யாராவது தொங்கும் பாரத்துக்கு அடியில் நடந்தால் மேலேயிருந்து மணியை அழுத்துவாள். அந்த மணிக்கு ஃபோர்மேனே ஒதுங்குவார்.

நாற்பத்து மூன்று வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்ததாம், யாரும் பார்க்கவில்லை. மார்பைத் திறந்து அடைத்தார்கள். ஏழு மாதம் கழித்து மருத்துவர், "எல்லா வேலையும் செய்யலாம்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போனவளை ஃபோர்மேன் ஸ்டோரில் உட்காரவைத்தார்.

"பாரம் வேண்டாம்மா. கொஞ்ச நாள் கீழேயே இரு."

அந்தக் கொஞ்ச நாள் மூன்று மாதம் ஆகிவிட்டது. கையுறை கொடுப்பது, தலைக்கவசம் கொடுப்பது, எண்ணெய்த் துணி எண்ணுவது. நேற்று வந்த பையன் மேலே அவள் கூண்டில் உட்கார்ந்து பாரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவள் வாளியைத் தொட்டால் கணவர் பிடுங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள், ஏதோ தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.

மிஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டம் மட்டும்தான்.

தம்பிக்கு ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே தாள் கட்டுகள் அடுக்கிய அறை; நடுவில் ஒரு மேசை. அங்கே தம்பி கதை நடத்துவான். கோட்டை, காடு, பூதம், மந்திரம் எல்லாம் அவன் சொல்வது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைவார்கள். அம்பு பட்டதா, கால் வழுக்கியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரத்தின் உயிர் ஒரு தாளில் எண்ணாக இருக்கும். அடிபட்டால் பகடையில் விழுந்த எண் அளவுக்கு அது குறையும். தையற்காரருக்குத் திருடன் வேடம். மருந்துக் கடையில் நிற்கும் பெண்ணுக்கு மந்திரக்காரி. அவள் கேடயக்காரி. கேடயக்காரியின் வேலையே முன்னால் நின்று அடி வாங்குவதுதான். கிரேன் அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அச்சிட்ட புத்தகத்தில் விதிகள் ஆயிரம் இருந்தாலும் அந்த மேசைக்கென்று சொந்த விதிகள் ஒரு நீல நோட்டில் இருந்தன. உயிர் பூஜ்யத்துக்கு வந்தால் பாத்திரம் விழும். விழுந்தவருக்கு மூன்று வீச்சு. பத்து அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு மூச்சு; இரண்டு மூச்சு கிடைத்தால் பிழைத்தார். பிழைத்தவர் தாளில் ஒரு தழும்பை எழுதிக்கொள்ள வேண்டும். பிழைக்காவிட்டால் செத்ததுதான், எந்த மந்திரமும் திருப்பாது. தாளை நாலாக மடித்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு யாரும் திறப்பதில்லை. கடைசி விதி அவளே கொண்டுவந்தது: நாலு பேரும் கையெழுத்துப் போடாத விதி செல்லாது. கையெழுத்தில்லாமல் ஒரு கொக்கியைக்கூட மாட்டாத இடத்தில் வேலை பார்த்தவள் அவள்.

அந்த ஞாயிறு, மாலை நாலு மணிக்கு, கீழே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அவசரமாக அடையாள அட்டைக்கு நகல் வேண்டுமாம். தம்பி இறங்கிப் போனான். அகழியைத் தாண்டலாமா என்று மூவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அகழியைத் தாண்ட என்ன விதி என்று பார்க்க அவள் நீல நோட்டை இழுத்தாள்.

"அக்கா, அது வேண்டாம். அவர் வரட்டும்" என்றாள் மருந்துக்கடைப் பெண், கொஞ்சம் அவசரமாக.

அந்த அவசரத்தால்தான் அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினாள்.

தம்பியின் கையெழுத்து. தலைப்பு: அக்காவுக்கு மட்டும். கீழே ஐந்து வரி.

கேடயக்காரியின் உயிர் பாதிக்குக் கீழே போகக்கூடாது. போகிற மாதிரி இருந்தால் அடி தவறியதாகச் சொல்லவும். விஷம் தொடக்கூடாது. இதயம் என்ற சொல் மேசையில் வரக்கூடாது. பாரம் வேண்டாம், கொஞ்ச நாள் கீழேயே இருக்கட்டும்.

அதற்கும் கீழே மூன்று கையெழுத்துகள்.

அவள் நோட்டைத் திறந்தபடியே மேசையில் வைத்தாள். தன் தாளை எடுத்தாள். தழும்புக்கான கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பதினோரு வாரம் எல்லோருக்கும் முன்னால் நின்றவளுக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் ஒளிந்து திரிந்த திருடனுக்கு நாலு தழும்பு, மந்திரக்காரிக்கு ஒரு விரல் போயிருந்தது. தான் கெட்டிக்காரத்தனமாக ஆடுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அதை வீட்டில் பெருமையாகவும் சொல்லியிருந்தாள்.

தம்பி படியேறி வந்தான். நோட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். உட்காரலாமா வேண்டாமா என்று நின்றான்.

"உட்காரு" என்றாள். "இது எத்தனை பேர் கையெழுத்து?"

"அக்கா..."

"எண்ணத் தெரியும்ல, சொல்லு."

"மூணு."

"மூணு இருந்தா விதி செல்லுமா?"

"தங்கச்சி, தம்பி நல்லதுக்குத்தான்…" என்று ஆரம்பித்தார் தையற்காரர்.

"நீங்க பேசாதீங்க அண்ணே. நீங்க தைச்ச ஜாக்கெட்டுல ஒரு தையல் விட்டுப்போச்சுன்னு சொன்னா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. என் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கல்லீரலாம். அன்னைக்கு இருமினீங்களே, அது இருமலா?"

தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக எண்கள் இருந்தன. தம்பி பொய் சொன்ன ஒவ்வொரு அடிக்கும் உண்மையில் விழுந்த எண்ணை வாரவாரியாகக் குறித்து வைத்திருந்தான். ஏமாற்றுவதிலும் ஒழுங்கு.

அவள் விரலை வைத்து இறங்கி வந்தாள். மூன்றாவது வாரம், பாலம். அவளுக்கு அந்தப் பாலம் நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று அம்புகள். ஒன்று காற்றில் தவறியது. ஒன்று கேடயத்தில் பட்டது. ஒன்று கல்லில் பட்டுத் தெறித்தது. தம்பி அழகாகத்தான் சொன்னான்.

பென்சில் சொன்னது: பதினாலு, பதினேழு, பதினொன்று.

"நாற்பத்திரண்டு" என்றாள். "என் உயிர் அன்னைக்கு நாற்பது. நான் பாலத்துலயே விழுந்துட்டேன். எட்டு வாரமா உங்களோட நடந்து வந்தது யாரு?"

 தையற்காரர் தாங்க மாட்டாமல், "அப்ப ஆறாவது வாரம் என்னைக் கிணத்துலேர்ந்து தூக்கினது யாரு?" என்றார். உண்மையாகவே அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டீங்களே, அந்த விதிகிட்ட கேளுங்க."

 கோபத்தில் அவளுக்குக் குரல் தட்டையாகும். மேலே கூண்டில் உட்கார்ந்து பழகிய குரல். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"'பாரம் வேண்டாம், கொஞ்ச நாள் கீழேயே இருக்கட்டும்.' இதே வார்த்தையை நான் வேற ஒருத்தர் வாயிலயும் கேட்டிருக்கேன். ஃபோர்மேனைப் போய்ப் பார்த்தியா?"

தம்பி மேசையைப் பார்த்தான்.

"வாயில என்ன வச்சிருக்க?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"நீ வேலைக்குத் திரும்பறதுக்கு முந்தின நாள். லெட்டர்ல எழுதியிருந்தாலும் கொஞ்சம் பார்த்துக்குங்கன்னு... அவ்வளவுதான் சொன்னேன். ஆபரேஷன் அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல கையெழுத்துப் போட்டது நான்க்கா. அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். எனக்கும் படிச்சுக் காட்டினாங்க. செத்தாலும் சாகலாம்னு எழுதியிருந்துச்சு. உனக்கு முன்னாடி நான் போட்டேன், அதே தாள்ல, மேல் வரியில." அவள் நோட்டை மூடினாள். "அங்க என் கையெழுத்தைக் கேட்டாங்க. இங்க கேட்கணும்னு உங்க யாருக்கும் தோணல."

மருந்துக்கடைப் பெண் அழுதுவிடுவாள்போல இருந்தது. அவளைப் பார்த்தும் அக்காவுக்குக் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. பதினோரு வாரம் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு, இப்போது அந்த அழுகைக்கும் தானே சமாதானம் சொல்ல வேண்டுமா.

"வருஷத்துக்கு ஒரு தடவை கிரேனைச் சோதிப்பாங்க. இருபது டன் கிரேன்ல இருபத்தஞ்சு டன்னை மாட்டித் தூக்கச் சொல்லுவாங்க. தூக்கினாத்தான் அது கிரேன். பாவம், பழசாச்சுன்னு வெறும் கொக்கியை ஆட்டிப் பார்த்துட்டு முத்திரை குத்தினா அதுக்கு அடியில எவன் நிப்பான்?" மேசை ஓரத்தில் நிறுத்தியிருந்த அட்டை மறைப்பைத் தட்டிவிட்டாள். அதன் பின்னால்தான் தம்பி பகடை உருட்டுவான். "பாலத்துக்குப் போ. நான் விழுந்து கிடக்கேன். எனக்கு மூணு வீச்சு பாக்கி இருக்கு."

"அக்கா, எட்டு வாரம் முந்தின கதை. அதை இப்ப..."

"பாலத்துக்குப் போ."

தம்பி வேறு வழியில்லாமல் சொல்ல ஆரம்பித்தான். குரல் பிசிறியது. பலகை ஈரமாக இருக்கிறது, கேடயம் ஆற்றில் போய்விட்டது, கேடயக்காரி மல்லாந்து கிடக்கிறாள்.

"எங்க பட்டுச்சு?"

"தோள்ல. தொடையில." நிறுத்தினான். அவள் காத்திருந்தாள். "நெஞ்சுல."

"எதுலன்னு சொல்லு."

"இதயத்துக்குப் பக்கத்துல."

"இப்ப சரி" என்று பகடையை எடுத்தாள்.

முதல் வீச்சு மேசை நடுவில் உருண்டு பதினாறு காட்டி நின்றது. ஒரு மூச்சு. தையற்காரர் தன்னையறியாமல், "ஆங்" என்றார். இரண்டாவது நாலு.

மூன்றாவதைக் கையில் வைத்துக் குலுக்கும்போது அவளுக்குப் பிழைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. கேடயக்காரியை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வீசினாள். பகடை பிஸ்கட் டப்பா வரைக்கும் ஓடி, அதை ஒட்டி நின்றது.

ஒன்பது.

தம்பியின் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது. "சாய்ஞ்சிருக்கு. டப்பாவுல சாய்ஞ்சிருக்கு, செல்லாது. திருப்பிப் போடு."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சின்ன வயதில் அவன் கையிலிருந்து பிளேடை வாங்கியதுபோல, நிதானமாக. பகடை தட்டையாக நின்றது.

"சாயல" என்றாள் மருந்துக்கடைப் பெண். அன்று அவள் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். "ஒன்பதுதான் அக்கா. போயிட்டா."

கிரேன் அக்கா தாளை நாலாக மடித்தாள். டப்பாவைத் திறந்து போட்டு மூடினாள். மூடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. தம்பி உதவிக்குக் கையை நீட்டியவன், பாதியில் தானே இழுத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஃபோர்மேன் ரூம் வாசல்ல நிக்கிற" என்றாள். "அவர்கிட்ட கொண்டுபோய் வச்சதை நீயே எடுத்துட்டு வா. நான் பேச மாட்டேன். நீதான் பேசணும்."

மறுநாள் அவன் பேசினான். திக்கித்திக்கி, சட்டை நுனியைத் திருகிக்கொண்டு, தான் சொன்னது அக்காவுக்குத் தெரியாமல் சொன்னது, தப்பு என்றான். ஃபோர்மேன் மருத்துவரின் கடிதத்தை மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக முழுதாகப் படித்தார். காதைச் சொறிந்தார்.

"எனக்கு என்னம்மா, உன் நல்லதுக்குன்னு..."

"படியில ஏறிக் காட்டட்டுமா சார்?"

"என் கண்ணு முன்னாடி ஒரு தடவை ஏறு. ஒரு கட்டைத் தூக்கி இறக்கு. அப்புறம் பார்ப்போம்."

அறுபத்திரண்டு படி. அவசரப்படாமல் ஏறினாள். நாற்பதாவது படியில் மூச்சு வாங்கியது. எல்லோருக்கும் வாங்கும் இடம்தான் அது. நின்று வாங்கிக்கொண்டு ஏறினாள். கூண்டுக்குள் அந்தப் பையன் இருக்கையைத் தன் உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தான். அதற்கு ஒரு முறை அவனை மனதுக்குள் திட்டிவிட்டுச் சரிசெய்தாள்.

பன்னிரண்டு டன் தகட்டுக் கட்டு தரையைவிட்டு எழும்பியது. ஆடவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். ஃபோர்மேன் தரையில் போட்டிருந்த மஞ்சள் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். தம்பி மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம், பாரம் வரும் வழியிலேயே, அண்ணாந்து பார்த்தபடி இரண்டு கையையும் லேசாக விரித்து நின்றுகொண்டிருந்தான். விழுந்தால் பிடித்துவிடுவான்போல.

அவள் மணியை அழுத்தினாள். ஒதுங்குவதற்கு எவ்வளவு நேரம் தேவையோ அதைவிட அதிக நேரம் அழுத்தினாள். அவன் ஓடிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.